ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்

"அத்தை, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாலு பல்லையும் காப்பாத்தியிருப்பேனே!"

சாப்பாட்டு மேசையில் மாப்பிள்ளை பெரிய மனதோடு சொன்னார். பல் மருத்துவக் கல்லூரியின் முதல்வர் அவர். மாமியாரோ, அவருக்கு எதற்குத் தொந்தரவு என்று, யாரிடமும் சொல்லாமல் அதே கல்லூரியின் இலவசப் பிரிவில் வரிசையில் நின்று, நாலு பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தாள். இப்போது ரொட்டியைப் பாலில் ஊறவைத்து விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"அப்போ வரிசையில நின்ன மத்தவங்க?" என்றாள் மகள்.

"பசங்க இத்தனை பல்லு பிடுங்கினாத்தான் பரீட்சை எழுத முடியும். இலவசமா வர்றவங்ககிட்டதானே கை பழகணும்? காலங்காலமா நடக்கறதுதான்."

மகள் தட்டை நகர்த்தி வைத்தாள். அதே கல்லூரியில் வாய்நலக் கொள்கை, அதாவது பல் வைத்தியம் எல்லாருக்கும் சரியாகக் கிடைக்க என்ன செய்வது என்ற பாடம், சொல்லித்தருபவள் அவள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் கண்ணயரும் பாடம் அது. 'இருங்க, வெச்சுக்கறேன்' என்று மனதுக்குள் கருவிக்கொண்டாள்.

மறுநாள் அம்மாவையே வகுப்புக்கு அழைத்துப் போனாள். அம்மாவின் பல்லைப் பிடுங்கிய கடைசி பெஞ்சு மாணவன் அவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

"இவங்க பல்லை அடைச்சிருந்தாலே போதும்னு உனக்குத் தெரியாதா?" என்றாள் மகள்.

"தெரியும் மேடம். பரீட்சைக் கணக்குக்கு எனக்கு நாலு பல்லு குறைஞ்சுது."

"அதை யாருகிட்டயாவது சொன்னியா?"

"நாங்க சொன்னா யாரு கேப்பா மேடம்?"

"கேக்க வைக்கறதுதான்டா இந்தப் பாடம்."

அன்று ஒருவரும் தூங்கவில்லை. அடைக்கக்கூடிய பல்லை இனிப் பிடுங்குவதில்லை, பரீட்சை போனாலும் சரி என்று வகுப்பே முடிவு செய்தது.

அடுத்த வாரம் அங்கீகாரக் குழு ஆய்வுக்கு வந்தது. முதல்வர் பூரிப்போடு அந்த வகுப்புக்கே அழைத்து வந்தார். "கொள்கையும் சொல்லித்தர்றோம் சார். கேட்டுப் பாருங்க."

கடைசி பெஞ்சுக்காரன் எழுந்தான்.  பரீட்சைக்காகப் பல் பிடுங்கும் கணக்கை முழுக்கச் சொல்லி முடித்தான். முதல்வரின் முகம் பேயறைந்தது போலானது. அவர் மனைவி அதை ஆசை தீரப் பார்த்தாள்.

அன்றும் மகள் அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்த அம்மாவிடம் குழுத் தலைவர் வந்தார். "உங்க பல்லைக் காப்பாத்தியிருக்க முடியாதாம்மா?"

"முடியுமாம் சார்," என்றாள் அவள், பல் போனதிலிருந்து முதல் தடவையாக வாயைப் பொத்திக்கொள்ளாமல். "நான் இவரோட மாமியார்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா."