சிவப்புப் பொட்டு வைத்த சாவி

பூட்டுக்காரருக்கு முகம் மறந்துபோகும். தான் வெட்டிய சாவி மறக்காது. அன்று மத்தியானம் முன்பின் தெரியாத ஒருவன் மேஜைமேல் ஒரு சாவியைப் போட்டு, “இதே மாதிரி ஆறு வேணும், சீக்கிரம்” என்றபோது அவர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மூன்றாவது பல்லில் லேசான சாய்வு. தலையில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு. அது அவர் வீட்டுச் சாவி.

அந்த வீட்டில் அவரும் அவர் துணைவரான பஸ் டிரைவரும் பதினோரு வருடமாகத் தம்பதியாக வாழ்கிறார்கள். முதலில் தெரு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு ஆணும் ஆணும் மணக்கலாம் என்று சட்டம் மாறியது, தெருவும் மாறியது. இருவரும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட அன்று, கீழ்வீட்டு அக்கா பூங்கொத்தோடு வந்து நின்றாள். டிரைவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற அவளிடம் ஒரு சாவி கொடுத்தார்கள். அடையாளத்துக்கு அவளே அதில் நகப்பூச்சுப் பொட்டு வைத்தாள்.

இந்த வருடம் காற்று திசை மாறியது. இப்படிப்பட்ட தம்பதிகளுக்கு எதிராகச் சங்கம் அமைத்துக் கூட்டம் போட்டார்கள், நோட்டீஸ் ஒட்டினார்கள். அன்று கைதட்டியவர்களே இன்று கதவைச் சாத்தினார்கள். அக்காவும் படியில் எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்துகொண்டாள். இருந்தும் பூட்டுக்காரர் சாவியைத் திரும்பக் கேட்கவில்லை. கேட்டால் அவள் மனசு நோகுமாம்! வருகிறவர்களிடமெல்லாம் ‘சாவியை யார் கையிலயும் கொடுக்காதீங்க’ என்று சொல்கிற மனுஷன். ஊருக்குத்தான் உபதேசம்.

“யார் வீட்டுது தம்பி?”

“ரெண்டு ஆம்பளைங்க குடும்பம் நடத்துறாங்களாம். கீழ்வீட்டம்மா எடுத்துக் கொடுத்தாங்க. எங்க சங்கத்துல ஆளுக்கு ஒண்ணு. எப்ப வேணும்னாலும் உள்ள போய்ப் பாக்கணும்ல?”

யார் கடையில் நிற்கிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. டிரைவர் இரவு வண்டி ஓட்டிவிட்டு இப்போது அந்த வீட்டில்தான் தூங்கிக்கொண்டிருந்தார். இடி விழுந்தாலும் எழாத தூக்கம். பூட்டுக்காரர் சாப்பிட வருவாரே என்று உள்தாழ்ப்பாளும் போடுவதில்லை.

பூட்டுக்காரர் இயந்திரத்தை ஓடவிட்டார். ஆறு சாவியிலும் மூன்றாவது பல்லை மயிரிழை கூடுதலாக வெட்டினார். பாலிஷ் போடுகிற சாக்கில் அந்தப் பழைய சாவியையும் அதே பல்லில் ஒரு இழுப்பு இழுத்தார். இனி ஏழில் ஒன்றும் அந்தப் பூட்டைத் திறக்காது. இருபது வருடத் தொழிலில் தெரிந்தே செய்த முதல் கோணல் வேலை. கூச்சமே வரவில்லை, சந்தோஷமாக இருந்தது. சாயங்காலத்துக்குள் பூட்டையே மாற்றிவிடலாம்.

“இந்தாங்க. இன்னிக்கே போறீங்களா?”

“நான் அப்புறம்தான். காலையிலேயே மார்க்கெட் கடையில ரெண்டு வெட்டினோம், அதுக்குள்ள அங்க கரண்ட் போயிடுச்சு. அதை எடுத்துட்டு ரெண்டு பேர் முன்னாடியே போயிட்டாங்க. இப்பதான் போன் வந்துச்சு, நல்லாத் தொறக்குதாம்.”

அவன் சாவிகளை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

பூட்டுக்காரர் டிரைவருக்குப் போன் போட்டார். நான்காவது மணியில் யாரோ எடுத்தார்கள். யாரும் பேசவில்லை.