பாதி இடமாற்றம்

பூஜிதா கோவையில் ஒரு வங்கியின் தலைமை அலுவலகத்தில் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்பவள். கணவன் கிஷனுக்கும் அதே வங்கிதான். ஆனால் நாகர்கோவில் கிளை. கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியும் அவன் இந்த வீட்டுக்கு விருந்தாளி மாதிரிதான் வந்து போனான்.

கோவையை அடுத்த மதுக்கரைக் கிளையில் இருந்த பக்ருன்னிசாவுக்குக் குடும்பம் நாகர்கோவிலில். இருவரும் இடம் மாற்றிக்கொள்ள நிர்வாகம் சம்மதித்தது. அதைக் கணினியில் ஏற்றும் வேலை பூஜிதாவிடமே வந்தது.

இருவரையும் பழைய இடத்திலிருந்து விடுவித்து, ஒருவர் இடத்தில் மற்றவரைச் சேர்க்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரே டிரான்ஸாக்‌ஷன். கடைசியில் கமிட் கொடுக்கும்வரை எதுவும் நிலைக்காது.

இருவரும் விடுபட்டார்கள். கிஷன் மதுக்கரையில் சேர்ந்தான். பக்ருன்னிசாவை மட்டும் நாகர்கோவிலில் கணினி ஏற்கவில்லை. முந்தின நாள்தான் அவருக்குப் பதவி உயர்வு பதிவாகியிருந்தது. அங்கே காலியானதோ கீழ்நிலை இடம்.

திரையில் கிஷன் பெயருக்கு நேரே மதுக்கரை என்றிருந்தது. பூஜிதா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே கமிட் கொடுத்தால், ஆனவரைக்கும் நிலைத்துவிடும். திங்கட்கிழமை சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டு அவனுக்குக் கதவைத் திறக்கலாம். ஆனால் பக்ருன்னிசா எந்தக் கிளையிலும் இல்லாத ஆளாகிவிடுவார்.

எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடும் ரோல்பேக்கைக் கொடுத்தாள். கிஷன் மறுபடியும் நாகர்கோவிலுக்குப் போய்விட்டான்.

போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்தாள்.

"ஏனுங்க, ஆகலீங்க."

நடந்ததை அவனிடம் சொன்னாள்.

"என்னோடதையாச்சும் போட்டிருக்கக் கூடாதா, பூஜி?"

"போட்டிருக்கலாமுங்க. கை அதுக்குத்தான் போச்சு. அந்த அக்கா நடுத்தெருவுல நின்னுருப்பாங்க."

"அழுவுறயா?"

"இல்லீங்க" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"செரி, உடு. வெள்ளிக்கிழமையே கெளம்பி வாரேன்."

மதியம் பக்ருன்னிசாவே கூப்பிட்டார். "எனக்கு அந்தப் பதவி உயர்வே வேண்டாம், அம்மணி. எழுதிக் குடுத்துப்போட்டேன். எம்புள்ள நாளைக்கே வந்துருவேன்னு நெனச்சுட்டிருக்கா." சொல்லிவிட்டு அழுதார். பூஜிதா போனை வைக்கவில்லை.

நிர்வாகம் அதையும் அடுத்த பட்டியலில் பார்க்கலாம் என்றது. அது எப்போது என்று யாரும் சொல்லவில்லை.

ஞாயிறு சாயங்காலம் போத்தனூர் ஸ்டேஷனில் கிஷன் பெட்டிக்குள் ஏறியபின்னும் வாசலிலேயே நின்றான். "உள்ள போயி உக்காருங்க" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் போகவில்லை. ரயில் நகர்ந்தது, அவளும் நடைமேடை முடியும்வரை கூடவே நடந்தாள்.