சொடுக்காத கணப்பு

பழுதுபார்க்க வந்த நெவில் கம்பளத்தில் ஒருக்களித்துப் படுத்து, கேஸ் கணப்பின் வயிற்றோடு காதை ஒட்டவைத்திருந்தான். சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து மேவிஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி ஊர்ச் சந்தையில் காலமெல்லாம் திரைத்துணி விற்றவள் அவள். துணியைச் சும்மா தடவிவிட்டுப் போகிறவன் யார், நூலைப் பார்க்கிறவன் யார் என்று முகத்தை வைத்தே சொல்லிவிடுவாள். இவன் நூலைப் பார்க்கிறவன்.

இவனுக்கு முன்னால் வந்த இரண்டு பேரும் தடவிவிட்டுப் போனவர்கள். ஒருவன் விசிறியை மாற்றினான், அடுத்தவன் சர்க்யூட் பலகையை மாற்றினான். கணப்பு மட்டும் தன் போக்கை மாற்றிக்கொள்ளவில்லை, பற்றவே மறுத்தது. கீழ்த்தளத்துக்கு அது ஒன்றுதான் சூடு. சுரங்கத்தில் நிலக்கரித் தூசியை நெஞ்சு நிறைய வாங்கிவைத்திருக்கும் அவள் கணவன் சிரிலை இன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிறார்கள். குளிர் பட்டால் திரும்ப இங்கேதான் என்று நர்ஸ் அவளிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"இப்ப திருப்புங்கம்மா."

மேவிஸ் குமிழைத் திருப்பினாள். உள்ளே விசிறி முனகியது. முனகிக்கொண்டே இருந்தது.

"விசிறி சுத்துது, கேக்குதா? இந்நேரம் ஒரு சொடுக்கு கேக்கணும். உள்ள ஒரு காத்து சுவிட்சு இருக்கு. புகை வெளிய போக வழி இருக்குன்னு அது சொடுக்கினாத்தான் பொறி வரும். அதுக்கப்புறம்தான் கேஸு."

"என் வீட்டுக்காரரு மாதிரி. முனகலுக்குக் குறைச்சல் இல்ல, காரியம்தான் நடக்காது."

நெவில் சிரித்தான், காதை எடுக்கவில்லை. மின்சாரத்தையும் கேஸையும் நிறுத்திவிட்டு முன்தகட்டைக் கழற்றினான். விசிறி இறக்கையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தூரிகையால் துடைத்தான். சுவிட்சிலிருந்து மெல்லிய ரப்பர் குழாயை உருவி, வாயில் வைத்து, குழந்தையின் கண்ணில் ஊதுவதுபோல ஊதினான்.

டிக்.

"ஊதினா பேசுதே, பாத்தீங்களா? சுவிட்சு நல்லாத்தான் இருக்கு. காத்து போகலன்னு உள்ளதைச் சொல்லிட்டிருக்கு. அதை நம்பாம விசிறியப் புடுங்கியிருக்கானுங்க."

அவனுக்காக வைத்த தேநீரில் ஏடு படிந்துவிட்டது. அவன் அதைக் கவனிக்காமல் வெளியே போனான். மேவிஸும் கோட்டை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கும் நிர்வாகம் இலையுதிர்காலத்தில்தான் தெரு முழுக்கச் சுவர்களுக்குக் கனத்த பலகை போர்த்தி, மேலே பாலாடை நிறத்தில் பூசிவிட்டிருந்தது. குளிர் உள்ளே வராமல் இருக்கவாம். முன்பு சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த, கணப்பின் புகை வெளியேறும் மூக்கு இப்போது அந்தப் போர்வைக்குள் குழிந்து கிடந்தது. பாதி வாயைப் பூச்சு மூடியிருந்தது. நெவில் விளக்கடித்துப் பார்த்தான். விரலை விட்டுத் தடவினான்.

"அடப்பாவிங்களா" என்றான் மெதுவாக. "வீட்டுக்குக் கம்பளி போர்த்துறேன்னு கணப்போட மூக்கப் பொத்திட்டானுங்க."

"உளி இருக்கில்ல தம்பி? சுரண்டி விட்டுரு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

"வாய் திறக்கும், கணப்பும் பத்தும். ஆனா புகை இந்தப் பலகைக்குப் பின்னால நுழைஞ்சு, நீங்க தூங்கற அறைக்கு ஏறும். புகைக்குழாயையே வெளிய நீட்டணும்."

"அப்ப நீட்டு."

"அதுக்குச் சுவர அறுக்கணும். கேட்டுப் பாக்கறேன்."

அவன் தெருவில் நடந்தபடி நிர்வாகத்தின் ஆபீஸுடன் போனில் பேசினான். குரல் ஏறியது, இறங்கியது. திரும்பி வந்தபோது காது சிவந்திருந்தது.

"பூசின கம்பெனி ஆளத் தவிர யாரு தொட்டாலும் சுவரோட உத்தரவாதம் செத்துருமாம். அவங்க தேதி குடுக்கறப்பதான் வருவாங்களாம். திங்கக்கிழமை ஒரு சின்ன மின்கணப்பு அனுப்பறாங்களாம்."

"இன்னிக்கு வெள்ளி."

"தெரியும்மா."

மேவிஸ் தனக்குத் தெரிந்த எல்லாப் பேரத்தையும் போட்டாள். ஒரு ராத்திரி மட்டும் என்றாள். ஜன்னலைத் திறந்துவைக்கிறேன் என்றாள். எழுதித் தருகிறேன் என்றாள். அவன் ஒரு நூல்கூட இறங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேதான் மறுத்தான். உள்ளே போய், கேஸ் குழாயைத் துண்டித்து மூடிபோட்டு, சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்து, 'உபயோகிக்காதே' என்ற சிவப்புச் சீட்டை ஒட்டினான். சந்தையில் இப்படி ஓர் ஆளிடம் தோற்றால் அவள் கடையடைத்த பிறகும் அவன் பெயரை மெச்சிச் சொல்லிக்கொண்டிருப்பாள். ஏடு படிந்த தேநீரைக் கொட்டிவிட்டு அவனுக்குப் புதிதாகப் போட்டுக்கொடுத்தாள்.

அவன் அதைக் குடித்து முடிப்பதற்குள் ஆஸ்பத்திரி வண்டி வந்துவிட்டது. இருவர் சிரிலைச் சக்கர நாற்காலியில் இறக்கினார்கள். முகத்தில் பிராணவாயு முகமூடி, மடியில் போர்வை. கதவு வரை தள்ளிக்கொண்டு வந்தபோது, எதிர்ச்சாரியில் மஞ்சள் சட்டை போட்ட ஒருவன் கேமராவை இறக்கிக்கொண்டு கையசைத்தான்.

"கொஞ்சம் ஓரமா நகத்துவீங்களா? பூசி முடிச்ச சுவர எல்லாம் ஆபீஸுக்குப் படம் எடுக்கறோம். அவரு மறைக்கறாரு."

தள்ளிக்கொண்டு வந்தவர்கள் நாற்காலியை நிறுத்தினார்கள். சிரில் முகமூடியை ஒரு விரலால் விலக்கி, "இதுல என்னையும் சேத்தே எடு தம்பி" என்றான். சொன்னதும் இருமல் பிடித்துக்கொண்டது. மஞ்சள் சட்டைக்காரன் அது அடங்கட்டும் என்று காத்து நின்றான். பிறகு அவர்கள் நாற்காலியை வேலிப்பக்கமாக நகர்த்தினார்கள், அவன் சுவரைப் படம் எடுத்துக்கொண்டான்.