வாக்கிங் போற ஜல்லிக்கு ரெசின்

எங்க வீட்டு கேட்டுலருந்து வாசல் வரைக்கும் கொட்டியிருக்கற ஜல்லி தினமும் காலைல ஆறு மணிக்கு வாக்கிங் போயிட்டு எட்டு மணிக்குத் திரும்பும். போறதப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல. வந்து எடம் மாத்திப் படுக்கும், அதான் ரோதனை. இங்க குழி, அங்க மேடு. இடுப்பு ஆப்பரேசன் பண்ணின என் சம்சாரம் கலாமணி வியாழக்கெழமை ஆஸ்பத்திரிலருந்து வீல்சேர்ல வரணும். இந்த ஜல்லில சக்கரம் நாலு அடி உருண்டாப் புதைஞ்சிரும். ஒரு குலுக்கல் கூட ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.

ரெசின் கடை நாச்சிமுத்துகிட்டப் போனேன். ஊத்தினா கல்லெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், ஆனா எதை ஊத்தறதுங்கறதுலதான் விசயமே இருக்குதுன்னாரு. எபாக்சிங்கற ரெசின் வெயில்ல மஞ்சளாயிருமாம். வீட்டுக்கு வந்து கல்லுங்ககிட்டச் சொன்னேன். மஞ்ச நமக்கு எடுக்காதுன்னுருச்சுங்க. தண்ணில கலக்கற ரெசின் ஒண்ணு வாங்கி ஊத்தினேன். குடிச்சிட்டு, இன்னும் இருக்கான்னுச்சுங்க. மிச்சம் பாலியூரித்தேன். நெறம் மாறாது, ஈரம் பட்டாத்தான் நுரைச்சிரும். வாக்கிங் போயிட்டு வந்த கல்லு வேர்க்காம இருக்குமா? வேர்வை பதினொன்றரைக்கு மேலதான் காயும்.

புதன்கெழமை, கைகாவலுக்கு ஒண்ணு சேத்து ரெண்டு டப்பா வாங்கினேன். கலக்கி இருவது நிமிசத்துல ஊத்திரணும். பதினொன்னே முக்காலுக்குக் கலக்கி, கல்லையெல்லாம் ஒரு தடவ தொட்டுப் பாத்துட்டு பக்கெட்டத் தூக்கினா, மணி பன்னெண்டு.

பெரிய கல்லு ஒண்ணு முன்னால வந்து, "ராகு காலம் ஆரம்பிச்சிருச்சுங்க. ஒன்றரைக்கு மேல பாத்துக்கலாம்"னுச்சு.

ரெசின் அதுவரைக்கும் நிக்காதுன்னேன். ஆயுசுக்கும் ஒட்டிக் கெடக்கப் போறோம், நல்ல நேரம் பாக்க வேண்டாமான்னு அது கேட்டுச்சு. இப்படியே பேசிட்டு நின்னதுல ரெசின் பக்கெட்டோட எறுகி, கலக்கின குச்சி நட்டமா நின்னுச்சு.

நாச்சிமுத்துக்குப் போன் போட்டேன். "நேரம் பாக்காம யாருங்க கலக்கச் சொன்னது? டப்பா மேலயே போட்டிருக்குதுங்களே"ன்னாரு.

போட்டிருந்துச்சு. ஏழு நாளைக்கும் ராகு காலம்.

ஒன்றரைக்கு மேல ரெண்டாவது டப்பாவக் கலக்கி ஊத்தி, மட்டம் பண்ணினேன். சாயங்காலம் ஏறி மிதிச்சுப் பாத்தேன். ஒத்தக் கல்லு அசையல.

வியாழக்கெழமை காலைல ஆறு மணிக்குப் பாதை மொத்தமா எந்திரிச்சு வாக்கிங் போச்சு. ஒத்தக் கல்லு உதிரல, நாச்சிமுத்து சொன்னதுல குத்தமில்ல. நான் அது விட்டுட்டுப் போன பள்ளத்துல எறங்கி நின்னு, வீல்சேர இதத் தாண்டி எப்படித் தூக்கறதுன்னு கணக்குப் போட்டுட்டிருந்தேன்.

எட்டு மணிக்குப் பாதை திரும்புச்சு. மேல கலாமணி, வீல்சேரோட. அது போற வழிலதான் ஆஸ்பத்திரி.

"துளி கூடக் குலுங்கலீங்க மாமா"ன்னா. அப்புறம் வாசலப் பாத்துட்டு, "வாசப்படியத் தேடாதீங்க. மூணு நாளா எனக்குத் தொணையா வார்டுலதான் உக்காந்திருக்குது. பக்கத்து பெட்டு அம்மாவுக்கு யாருமில்ல. இருந்துட்டு வரட்டும்னு விட்டுட்டு வந்தேன்"னா.

நான் ஒரு பலகையச் சாச்சு வெச்சு அவள உள்ள தள்ளிட்டுப் போனேன்.