மிரளத் தெரியாதவன்

"மிகச் சாது. கையிலிருந்தே தின்பான்."

விளம்பரத்தில் என் கணவன் நெவில் எழுதிய கடைசி வரி இது. அதற்கு மேலே வழக்கமான விவரங்கள்: மர்ரே கிரே இனத்துப் பொலிகாளை, வயது இருபத்திரண்டு மாதம், எடை எழுநூறு கிலோ, லியாங்காத்தா பக்கம் வந்து பார்க்கலாம். எங்கள் மலைப்பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்கள் ஒருவரும் கூப்பிடவில்லை. கையிலிருந்து தின்னும் காளை என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். புட்டிப்பாலில் வளர்ந்தது, மனிதரைக் கண்டு விலகாதது என்று அர்த்தம். புட்டியில் வளர்த்ததைக் காளையாக விடாதே என்பது இங்கே யாரும் எழுதிவைக்காத சட்டம்.

"நான் ஒண்ணும் பொய் எழுதலையே," என்றான் நெவில். "படிக்கத் தெரிஞ்சவனுக்கு அதுலயே எல்லாம் இருக்கு."

பத்தாம் நாள், அப்படிப் படிக்கத் தெரியாத ஒருத்தி கூப்பிட்டாள். பெயர் டாம்சின் என்றும், சனிக்கிழமை வருவதாகவும் சொன்னாள்.

பிஸ்கட் என்று நான் பெயர் வைத்த அந்தக் காளையின் தாய் ஒரு ஜூலை மாதத்தில் செத்தாள். இங்கே ஜூலை குளிர்காலம்; அப்போது தளதளவென்று வரும் இளம்புல்லில் மெக்னீசியம் போதாது. காலையில் நன்றாக மேய்ந்துகொண்டிருந்தவள் மதியம் கால்களை உதறியபடி கிடந்தாள். மருத்துவர் வருவதற்குள் முடிந்துவிட்டது. கன்றுக்கு அன்று ஆறு நாள். சலவை அறையை ஒட்டிய கொட்டகையில் வைக்கோல் பரப்பி அவனை விட்டேன்.

தாயில்லாக் கன்றுகளை இரண்டு மூன்றாகச் சேர்த்துத்தான் வளர்க்க வேண்டும். ஒன்றையொன்று முட்டி, உதைபட்டு, தாங்கள் மாடு என்பதை அவை கற்றுக்கொள்ளும். எங்களிடம் இருப்பது பன்னிரண்டே பசுக்கள், அந்த வருடம் தாயை இழந்தது அவன் ஒருவன்தான். பக்கத்துப் பால்பண்ணையில் கேட்டிருந்தால் துணைக்கு ஒரு கன்றைத் தூக்கிக் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த வருடம்தான் எங்கள் மகள் டார்வினுக்கு வேலைக்குப் போயிருந்தாள். நெவில் பகல் முழுவதும் நகராட்சியின் சாலை வேலையில் இருப்பான். என் காலடிச் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடிவர ஓர் உயிர் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. இன்னொரு கன்று வந்தால் அந்த ஓட்டம் பாதியாகிவிடும். இதை அப்போது நான் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

புட்டி காலியானதும், இன்னும் வேண்டும் என்று தலையால் இடிப்பான். அவன் நெற்றியில் என் உள்ளங்கையை வைத்துத் தள்ளுவேன். அவன் பின்னங்கால்களை ஊன்றிக்கொண்டு திருப்பித் தள்ளுவான். நான் தோற்பதுபோல் ஓரடி பின்வாங்கிச் சிரிப்பேன். நாற்பது கிலோ கன்று. தினமும் சாயங்காலம் இதுதான் எங்கள் விளையாட்டு. தள்ளினால் மனிதர் பின்வாங்குவார் என்பதை நான்தான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தேன்.

ஆண் கன்றுகளைக் காயடிக்க ரப்பர் வளையம் மாட்டும் நாளில் நெவில் இடுக்கியோடு வந்தபோது நான் குறுக்கே நின்றேன்.

"இவன் முதுகைப் பாரு நெவில். கோடு போட்ட மாதிரி இருக்கு. இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ணு நமக்குப் பொறந்திருக்கா?"

"முதுகுக்கு ஒரு குறையுமில்ல. ஆனா இவன் தன்னை உன் பிள்ளைன்னு நெனைச்சுக்கிட்டிருக்கான்."

"நீ பெத்ததைவிட இவன் நல்லாவே சொன்ன பேச்சு கேக்கறான்."

நெவில் சிரித்துவிட்டான். வளையத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு, "உன் காளை. உன் பொறுப்பு, மகாராணி," என்றான்.

விளம்பரம் கொடுப்பதற்குச் சில நாட்களுக்கு முன்தான் அது நடந்தது. உருளைக் கட்டாக வந்த காய்ந்த புல்லின் வலையை அறுத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் இரும்புத் தீவனக் கூண்டு. பிஸ்கட் வந்தான். சீறவில்லை, காலால் மண்ணைக் கிளறவில்லை. நெற்றியை என் விலாவில் வைத்தான், தள்ளினான். நான் பின்வாங்குவதற்காகக் காத்திருந்தான். பின்வாங்க இடமில்லை. உள்ளே ஏதோ ஒன்று மளுக்கென்றது. முஷ்டியால் அவன் மூக்கில் குத்தினேன். அவன் கண்ணை மட்டும் சிமிட்டினான். அடி என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரியாது. பிறகு புல்லின் வாசனை வரவே, தானாகவே தலையை எடுத்துக்கொண்டு போனான்.

சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். இவன் மிரளவில்லை. மிரளவே தெரியாதவனாக அவனை வளர்த்து வைத்திருந்தேன்.

வண்டிப் படியில் வழுக்கி விழுந்ததாக நெவிலிடம் சொன்னேன். "வயசாகுது உனக்கு," என்று கிண்டல் செய்தபடி மருத்துவரிடம் கூட்டிப்போனான். உண்மையைச் சொல்லியிருந்தால் அன்று மாலையே இறைச்சிக்கூடத்து லாரிக்குப் போன் போட்டிருப்பான். மனிதரை நசுக்கிய காளைக்கு இங்கே இரண்டாவது வாய்ப்பு கிடையாது. ஆகவே, வேறு விதமாகச் சொன்னேன்: பிஸ்கட்டின் தங்கைகள் பெரியவர்களாகி வருகிறார்கள், வேறு இரத்தம் வேண்டும், இவனை நல்ல இடமாகப் பார்த்து விற்றுவிடலாம். அதுவும் உண்மைதான். அவன் எங்கேயோ ஒரு மேட்டில் மேய்ந்துகொண்டிருப்பான், நான் அதைப் பார்க்க வேண்டியதில்லை. அவ்வளவே நான் ஆசைப்பட்டது.

டாம்சினுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மெல்போர்னிலிருந்து மிர்பூ நார்த் பக்கம் குடிவந்து இரண்டு வருடம். எட்டுப் பசுக்கள் வைத்திருக்கிறாளாம். காரிலிருந்து இறங்கியதும் தன் பூட்ஸைப் பார்த்துத் தானே சிரித்தாள்.

"ரொம்பப் புதுசா தெரியுதில்ல? எங்கப்பா சேத்துல முக்கி எடுத்துட்டுப் போன்னார்."

"இங்க ஒரு மணி நேரம் நில்லுங்க, பழசாயிடும்," என்றான் நெவில்.

பிஸ்கட் மேட்டின் உச்சியில் நின்றிருந்தான். என் குரலைக் கேட்டதும் இறங்கி வந்தான். வெள்ளிச் சாம்பல் நிறம், வெயிலில் மினுங்கும் தோள், அந்த முதுகு. வேலிக் கதவுக்கு மேல் தாடையை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தான்.

"ஐயோ," என்றாள் டாம்சின். "நாய்க்குட்டி மாதிரி வர்றானே!"

"எழுநூறு கிலோ நாய்க்குட்டி," என்றான் நெவில்.

"எனக்கு இந்த மாதிரிதான் வேணும். காலைல மாடுங்களுக்குத் தீனி போடறது எங்கப்பாதான். எழுபத்தெட்டு வயசு, இடுப்புல ஆபரேஷன் ஆயிருக்கு. சொன்னாக் கேக்க மாட்டார். கைத்தடியை ஊனிக்கிட்டு மாடுங்க நடுவுல போய் நின்னு, அதுங்ககிட்ட அரசியல் பேசிக்கிட்டிருப்பார். அதான் சாதுவா ஒண்ணு தேடிக்கிட்டிருந்தேன்." என் பக்கம் திரும்பினாள். "இவன் சாதுதானே?"

நெவில் என்னைக் கைகாட்டினான். "க்ளெனிஸைக் கேளுங்க. வளர்த்தவ அவ," என்றான்.

என்னிடம் பதில்கள் இருந்தன. அவனுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. அவன் யாரையும் துரத்தியதில்லை. பெயர் சொன்னால் வருவான். எல்லாம் நிஜம். நெவிலின் விளம்பரத்தைப்போலவே, ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லாமல் அந்தக் கிழவரை அவன் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடலாம். வாயைத் திறந்தேன். "சாதுதான்" என்று நான் சொன்னது என் காதில் விழுந்தது.

டாம்சின் கையை நீட்டி, கதவுக்கு மேலாக, அவன் நெற்றியில் உள்ளங்கையை வைத்தாள்.

பிஸ்கட் தலையைத் தாழ்த்தினான். பின்னங்கால்கள் அகன்றன. கதவுச் சங்கிலி ஒருமுறை கிணுங்கியது. அவன் கண்ணில் இருந்த சந்தோஷம் எனக்கு நன்றாகத் தெரிந்த சந்தோஷம்.

"கையை எடு!" என்று கத்தினேன்.

அவள் பயந்து பின்னால் போனாள். பிஸ்கட்டும் திருப்தியாகத் தலையைத் தூக்கினான். அவன் தள்ளினான், மனிதர் பின்வாங்கினார்.

"இவன் புட்டிக்காளைம்மா," என்றேன். "தனியா வளர்ந்தவன். இப்ப செஞ்சதை உங்கப்பாவுக்கும் செய்வான். எனக்குச் செஞ்சிருக்கான்."

ஸ்வெட்டரைத் தூக்கிக் காட்டினேன். விலாவிலிருந்து இடுப்புவரை மஞ்சளும் பச்சையுமாக இன்னும் இருந்தது. டாம்சின் பார்த்தாள். நெவிலும் பார்த்தான்.

"படியில வழுக்கினேன்னு சொன்னே," என்றான்.

"படி இல்ல."

நான் ஸ்வெட்டரை இறக்கிவிட்டேன். டாம்சின்தான் மெல்லக் கேட்டாள்: "ஆனா அவன் மூஞ்சியில கோவமே இல்லையே?"

"இல்ல. அதைத்தான் சொல்றேன். கோவம் வந்தா நீங்க பாத்து ஓடிடுவீங்க. இது விளையாட்டு. சத்தமே இருக்காது."

"இப்பக் காயடிச்சுட்டா?"

"காயடிச்சாலும் எடை குறையாதுங்க," என்றான் நெவில், என்னைப் பார்க்காமல். "விளையாட்டும் மறக்காது. நீங்க வேலியோரமா நடந்தா அந்தப் பக்கமா ஓடற காளையாப் பாருங்க. பக்கத்துல வராதவன்தான் நல்லவன்."

பாலத்துக்கு அந்தப் பக்கம் காளை வைத்திருப்பவர் ஒருவரின் எண்ணை எழுதிக் கொடுத்தான். காரில் ஏறும் முன் டாம்சின் என் கையைப் பிடித்தாள். நன்றி சொல்வாளோ என்று பயந்தேன். "பாவம் அவன்," என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு நெவில் தட்டுகளைக் கழுவினான். நான் துடைத்தேன்.

"இத்தனை நாளா மறைச்சே?"

"மூணு வாரம்."

"இருமல் வந்தா எழுந்து சமையல் ரூமுக்குப் போயிடுவே. என் தூக்கம் கெடக்கூடாதுன்னு போறேன்னு நெனைச்சேன்." ஒரு தட்டை இரண்டாம் முறையாகக் கழுவினான். "பக்கத்துலதானே படுத்திருந்தேன், க்ளென்."

நான் மறைத்தது காளையை மட்டும் என்று நினைத்திருந்தேன். அவன் முதுகைப் பார்த்தபடி துணியை மடித்து வைத்தேன். காலையில் அவனே லாரிக்குப் போன் செய்தான்.

செவ்வாய்க்கிழமை லாரியோடு டாரல் வந்தான். இருபது வருடமாக எங்கள் மாடுகளை ஏற்றிப் போகிறவன்.

"பேர் வெச்சிருக்கீங்களா இதுக்கு?"

"பிஸ்கட்."

"சரிதான். பேர் வெச்ச மாடுன்னா எனக்கு எப்பவும் ஒரு மணி நேரம் லேட்டு."

பிஸ்கட் பட்டிக்குள் வந்து, ஏற்றுமேடையின் அடியில் நின்றுவிட்டான். டாரல் பிளாஸ்டிக் குழாயை ஆட்டிச் சத்தம் போட்டான். வேறு எந்த மாடாக இருந்தாலும் பாய்ந்து ஏறியிருக்கும். பிஸ்கட் குழாயை முகர்ந்து, நக்கிப் பார்த்தான்.

"அட, எவ்வளவு சாது," என்றான் டாரல். சொல்லிக்கொண்டே லாரியின் முன்பக்கம் போய் மாட்டுக்கு ஷாக் கொடுக்கும் மின்கோலை எடுத்து வந்தான்.

"அது வேண்டாம்."

"எனக்கு இன்னும் ரெண்டு பண்ணை பாக்கி, க்ளெனிஸ்."

"வேண்டாம்னேன்."

நெவில் என்னைப் பார்த்தான். பிறகு போய்த் தீவன வாளியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். "வெளிய நின்னே கூப்பிடு," என்றான். "உள்ள போகாதே."

இருபத்திரண்டு மாதம் பயம் தெரியாமல் இருந்துவிட்டான். இனி இந்த ஒரு காலையில் அதைக் கற்றுக்கொண்டு அவனுக்கு என்ன ஆகப்போகிறது? லாரியை ஒட்டி வெளிப்பக்கமாக நடந்து, முன்கோடியில் நின்று வாளியைக் குலுக்கினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

ஏற்றுமேடையில் குளம்புச் சத்தம் நிதானமாக ஏறிவந்தது. பின்னால் கதவு விழுந்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கம்பிகளுக்கு நடுவே நாக்கை நீட்டி, என் கையிலிருந்து தின்றான். கை காலியானதும் நெற்றியைக் கம்பிகளின் இடைவெளியில் வைத்து அழுத்தினான்.

நான் உள்ளங்கையை வைத்துத் தள்ளினேன். விலா வலித்தது. டாரல் வண்டியைக் கிளப்பினான். வழக்கம்போல் நான்தான் ஓரடி பின்வாங்கினேன்.