எல்டன் தேர்ந்தெடுத்த முறுக்கு

துப்பாக்கி என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வீட்டில் அது யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. ரிவால்வரில் போடுகிற அதே தடித்த தோட்டாவைச் சுடும் குட்டை ரைபிள். பள்ளிப் பேருந்து ஓட்டிய சம்பளத்தில் நான் வாங்கியது.

மே மாதம் லெம்ஹை பள்ளத்தாக்கில் எங்கள் சங்கத்தின் துப்பாக்கிச் சுடும் போட்டி நடக்கும். விதி ஒன்றுதான் கறார்: கடைக்குண்டு கூடாது, ஈயத்தை உருக்கித் தன் கையால் வார்த்ததைத்தான் சுட வேண்டும். பரிசு ஓர் இரும்பு வாணலி. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் நாடீன்தான் அதைத் தூக்கிக்கொண்டு போனாள். நாடீன் என் சிநேகிதி. அந்த வாணலியில் பன்றிக்கறி பொரித்து எனக்குப் படம் அனுப்புகிற அளவுக்குச் சிநேகிதி.

ஜூனில் எனக்கு வலது தோளில் அறுவை சிகிச்சை. அதற்கப்புறம் துப்பாக்கியைத் தோளில் வைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். ஆக, எனக்கு இந்த மே மாதம்தான். அந்த வாணலி எனக்கு வேண்டும்.

சிக்கல் இதுதான். போன வருஷம் என் குண்டுகள் குறுக்காகப் போயின. குறி அட்டையில் வட்ட ஓட்டைக்குப் பதிலாகச் சாவித்துவாரம் மாதிரி நீளமாகக் கிழிந்திருந்தது. குழலுக்குள் சுருளாக ஓடுகிற வரிகள்தான் குண்டைச் சுழற்றி நேராக அனுப்பும். அந்த முறுக்கு என் குழலில் முப்பத்தெட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று, ரொம்ப நிதானம். என் கணவன் எல்டன் வைத்திருக்கும் அச்சில் வருகிற குண்டோ நீளம். கரடியையே நிறுத்துமாம். எனக்குச் சுட வேண்டியது அட்டை. அத்தனை நீளக் குண்டை நேராக நிறுத்த அந்த நிதான முறுக்கு போதாது. சரி, முறுக்கை இறுக்கி இருபது, பதினாறு என்று போனால், மெத்தென்ற ஈயம் வரிகளில் பிடிக்காமல் வழுக்கிக் குழலெல்லாம் அப்பிக்கொள்ளலாம். இவ்வளவுதான் விஷயம். இதை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் ஒரு பனிக்காலம் முழுவதையும் ஓட்டினான்.

கணினியில் ஓர் இணையக் குழு. அலாஸ்காவிலிருந்து ஜார்ஜியா வரை வேலைவெட்டி இல்லாத ஆண்கள் அத்தனை பேரும் அதில் இருக்கிறார்கள். எல்டன் அவர்கள் எல்லாரையும் கேட்டான். குழல் செய்து விற்கிற ப்ரூனோ எல்லா முறுக்கிலும் தயாராக வைத்திருப்பார். வாரா வாரம் அங்கே போய் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தான். ப்ரூனோ எனக்கே போன் போட்டுவிட்டார்.

"வெர்னா, உனக்குப் புண்ணியமாப் போகும், உன் புருஷனை வீட்லயே கட்டிப் போடு. வர்றவங்க அவனைக் கடை ஆளுன்னு நெனச்சு வெலை கேக்குறாங்க."

நான் ஜனவரியிலேயே சொன்னேன். "எல்டன், குழலை விடு. குட்டைக் குண்டு போட்டுப் பாக்கலாமே."

"இரு வெர்னா, அலாஸ்காக்காரன் எழுதிட்டிருக்கான்."

அலாஸ்காக்காரன் மார்ச்சிலும் எழுதிக்கொண்டிருந்தான்.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது சுடுகளத்தில் நாடீன் என் அட்டையைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏண்டி, இன்னும் குறுக்காலதான் போகுதா?"

"போகுது."

"உன் ஆளு என்ன சொல்றான்?"

"காலைல இருபதுங்கிறான். சாயங்காலம் பதினாறுங்கிறான்."

"குண்டை மாத்துன்னு சொல்ல வேண்டியதுதான?"

"எனக்குத் தோணாம இல்ல. கேக்க ஆள் வேணும்ல?"

அவள் தன் வண்டியிலிருந்து ஓர் அச்சை எடுத்து என் கையில் வைத்தாள். "குட்டை அச்சு. எங்க வீட்டுக் கொட்டகையில வந்து நீயே வார்த்துக்கோ. தோத்தப்புறம் துப்பாக்கி மேல பழி போடக் கூடாது, பாத்துக்கோ."

வார்த்தேன். தோட்டாவில் அடைத்தேன். வியாழக்கிழமை பழைய குழலிலேயே சுட்டேன். ஒவ்வொரு ஓட்டையும் காசு மாதிரி வட்டம். குண்டு லேசானதால் தோளிலும் பாதி வலிதான். அந்த அட்டையைக் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டிக் கதவில், எல்டன் மூக்குக்கு நேராக ஒட்டினேன். அவன் பால் எடுத்தான், பீர் எடுத்தான், வெண்ணெய் எங்கே என்று என்னையே கேட்டான். அட்டையைப் பார்க்கவில்லை.

"எல்டன், ஒண்ணு சொல்லணும்."

"நாளைக்குச் சொல்லேன். ஒரு முடிவுக்கு வந்துட்டேன்னு நெனைக்கிறேன்."

நவம்பரிலிருந்து அவன் முடிவுக்கு வந்துகொண்டேதான் இருந்தான். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அங்கேதான் தப்புப் பண்ணினேன்.

வெள்ளிக்கிழமை பேருந்தை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், எங்கள் கொட்டகையில் கடைசல் இயந்திரம் இன்னும் சூடாக இருக்கிறது. என் துப்பாக்கியில் பளபளவென்று புதுக் குழல். பழையது மேசைக்கடியில் கிடந்தது, திருகுப் பக்கம் வெட்டுப்பட்டு.

"கழலவே மாட்டேன்னு அடம் பிடிச்சுது. வெட்டித்தான் எடுத்தேன்," என்றான், பெருமை தாங்காமல்.

நாளைக்குப் போட்டி. நேற்றுத்தான் அந்தக் குழல் ஒழுங்காகச் சுட்டது. அதைத் திருப்பி மாட்டவும் வழியில்லை. "எந்த முறுக்கு?" என்றேன்.

"அதாவது வெர்னா, ஈயம் மெத்துனு இருக்குறதால..."

"எந்த முறுக்குன்னு கேட்டேன்."

"முப்பத்தெட்டு."

"பழசு எத்தன?"

அவன் எண்ணெய்த் துணியை எடுத்து விரல்களைத் துடைத்தான். "முப்பத்தெட்டுதான். ஆனா அது ஃபேக்டரி முப்பத்தெட்டு. இது ப்ரூனோவோட முப்பத்தெட்டு."

ஒரு பனிக்காலம்! தலையில் அடித்துக்கொள்ளக்கூட எனக்குத் தெம்பில்லை.

"அலாஸ்காக்காரன் கடைசியில தெளிவாச் சொல்லிட்டான்," என்று அவன் தொடர்ந்தான். "குட்டைக் குண்டு போட்டா இதே முறுக்கு போதுமாம். அச்சுக்குச் சொல்லியிருக்கேன். மூணு வாரத்துல வந்துரும்."

நான் சமையலறைக்குப் போனேன். காபி டப்பா நிறைய இருந்த என் தோட்டாக்களையும் கதவிலிருந்து உரித்த அட்டையையும் கொண்டுவந்து அவன் முன்னால் டமாரென்று வைத்தேன். அவன் ஒரு தோட்டாவை எடுத்து வெளிச்சத்தில் உருட்டினான். அட்டையின் ஓட்டைகளை விரலால் தடவினான். கழுத்து முதல் காது வரை சிவந்துபோனது. மிச்ச வெளிச்சத்தில் என்னைச் சுடுகளத்துக்குக் கூட்டிப்போய், புதுக் குழலுக்கு ஏற்ப, நான் சொல்லச் சொல்லக் குறி பார்க்கும் முள்ளைத் திருகிச் சரிசெய்தான்.

சனிக்கிழமை ஒரு குண்டும் குறுக்கே போகவில்லை. நாடீனின் அச்சில் வார்த்த குண்டாலேயே நாடீனைத் தோற்கடித்தேன். வாணலியைத் தரும்போது அவள் என் காதில், "கழுவிட்டுத்தான் தர்றேன், கஞ்சப் பிசினாரி," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. என் தோள் விஷயம் அவளுக்கும் தெரியும்.

மறுநாள் காலை அந்த வாணலியில் முட்டை பொரித்தேன். எல்டன் கணினியில் தட்டிக்கொண்டிருந்தான். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். 'என் மனைவியைக் கேட்டேன். அவள் சொன்னதுதான் சரி' என்று எழுதியிருந்தான்.

"எப்படா கேட்ட?" என்றேன். "அலாஸ்கா வரைக்கும் கேட்ட. என்னை எப்பக் கேட்ட?"

நாற்காலியோடு என் பக்கம் திரும்பினான். என் வலது தோளைப் பார்த்தான். பிறகு தயங்கித் தயங்கி, "அடுத்த வருஷத்துக்கு உனக்கு எந்த முறுக்கு வேணும், வெர்னா?" என்றான்.

அடுத்த வருஷம் என்று டாக்டர் சொல்லவில்லை, நாடீன் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொள்ளவில்லை. அழுகை வந்தது. வந்ததே என்று ஆத்திரமும் வந்தது.

"அந்தக் குழலைத் தொட்ட, கையை ஒடைச்சுருவேன்," என்றேன். "முட்டை ஆறுது. சாப்பிடு."