இரண்டு முறை வந்த மூன்று

1

இந்தக் கதை ஒரு கடிதமாக இருந்திருக்க வேண்டியது. நான்கு வரி போதும்: என் பெயர், நான் நின்ற இடம், நான் விட்ட பிழை, கையெழுத்து. திங்கட்கிழமை அதை எழுத உட்கார்ந்தேன். முதல் வரிக்குப் பிறகு கை கதை எழுதத் தொடங்கிவிட்டது. இன்று வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்குத் தெரிவுக் குழு கூடுகிறது. கடிதம் அதே ஒரு வரியில் நிற்கிறது. கதைக்கு இது ஆறாவது பிரதி.

செவ்வாய்தோறும் சிட்னியின் பரமட்டாவில் ஆங்கிலம் எழுதப் பழக்கும் மாலை வகுப்புக்குப் போகிறேன். எந்த மொழியிலானாலும் தினமும் அரைப் பக்கம் எழுதுங்கள் என்று ஆசிரியை சொன்னதால் டயரி வைத்திருக்கிறேன். திகதி, நேரம், பார்த்தது. ஆகவே என்ன நடந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதைச் சொல்லும் ஆள் மீதுதான் சந்தேகம்.

2

முதல் தொடக்கம் (கைவிட்டது):

"வெள்ளிக் கத்திகள் வெண்பனியைக் கிழிக்க, நான்கு மங்கையர் மின்னலென—"

இல்லை. அங்கே மின்னல் எதுவும் இல்லை. ஈரக் காலுறை மணமும், பொரித்த உருளைக்கிழங்கு மணமும், கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரும்தான் இருந்தன.

இரண்டாம் தொடக்கம்:

"சிட்னி, 1993. ஓய்வு பெற்ற இரத்தினசிங்கம் அங்கிளுக்குக் கண்பார்வை சற்று மங்கல். ஆனாலும் அன்றைக்குச் சுற்று அட்டையைத் திருப்பும் பொறுப்பு அவரிடம்தான்—"

இதை ஐந்து பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்தது. ஹரிஸ் பார்க்கில் என்னோடு வீடு பகிர்ந்திருக்கும் சந்திரவதனா கதிரையில் காலை மடக்கியபடி வாசித்தாள்.

"ஆரடி இந்த இரத்தினசிங்கம்?"

"கதையிலை வாற ஆள்."

"அவரோ அட்டையைப் பிழையாத் திருப்பினவர்?"

"ஓம்."

"பாவம் மனுசன். பிறக்க முந்தியே பழி."

அந்த ஐந்து பக்கத்தையும் கிழித்தேன். அட்டையைத் திருப்பியவள் நான். யோகராணி, வயது இருபத்து நான்கு, கண்பார்வை நன்று.

3

பனிச்சறுக்கு அரங்கில் ஸ்கேட்ஸ் வாடகைக்குக் கொடுக்கும் கவுண்டரில் எனக்கு வேலை. அங்கே சர்வதேச ஐஸ் ஓட்டப் போட்டி* வந்தபோது தொண்டர்கள் போதவில்லை. என்னையும் கேட்டார்கள். பெண்கள் ஆயிரம் மீற்றருக்கு ஒன்பது சுற்று. கோட்டருகே ஒரு தாங்கியில் ஒன்பதிலிருந்து ஒன்றுவரை எண் எழுதிய அட்டைகள் கோத்திருக்கும். முதலில் வருபவள் கோட்டைக் கடக்கும்போதெல்லாம் ஓர் அட்டையைத் திருப்ப வேண்டும். இன்னும் எத்தனை சுற்று என்று ஓடுபவர்கள் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். வேறொன்றுமில்லை.

(* போட்டியின் பெயரை எழுதவில்லை. ஆண்டையும் மாற்றியிருக்கிறேன். மற்றவற்றையும் மாற்றிப் பார்த்தேன். மாற்றினால் நான் தப்பிவிடுகிறேன்.)

ஓடுபவர்களில் ஒருத்தியான கமலினிக்குப் பத்தொன்பது வயது. பெற்றோர் மலேசியாவின் ஈப்போவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். அப்பா ஏசுதாசன் பல் வைத்தியர். மகள் விழுவதைப் பார்க்கத் தாங்காமல் ஒவ்வொரு போட்டியிலும் வெளியே காரில் இருப்பார். அரங்குக்குள் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டுமே. இறுதிப் போட்டிக்கு முன் அவள் என்னிடம் வந்தாள்.

"அக்கா, நீங்கதான் அட்டையா?"

"ஓம்."

"அப்ப ஓகே லா. நான் எண்ண மாட்டேன். உங்களப் பாத்துக்கிறேன்."

"விசரே உனக்கு? கோச் எண்ணச் சொல்லித்தானே தாறவர்."

"எண்ணுவேன், எண்ணுவேன். உங்க மூஞ்சப் பாருங்க, எனக்கு மேல நடுங்குறீங்க!"

(இந்த உரையாடலை மூன்றாம் பிரதியில் வெட்டியிருந்தேன். வெட்டினால் என் பிழை சிறிதாகத் தெரிந்தது. அதனால் திரும்பச் சேர்த்திருக்கிறேன்.)

4

அவளுடைய திட்டம் எல்லோருக்கும் தெரியும். அவள் கோச் தினமும் அதைத்தான் கத்துவார். மூன்றாவது இடத்தில் ஒளிந்திரு. அட்டையில் மூன்று வந்ததும் வெளிப்பக்கமாக ஏறு. மூன்று சுற்றுக்குத்தான் அவள் காலில் பலம் உண்டு. நான்குக்கு இல்லை.

ஒன்பது. எட்டு. ஏழு. என் கையுறை நனைந்திருந்தது. ஆறு. ஐந்து. நால்வரும் ஒருவர் முதுகை ஒருவர் தொடுவதுபோல் வளைவில் சாய்ந்து வந்தார்கள். முதலில் வந்த கனடாக்காரி கோட்டைக் கடந்தாள். திருப்பினேன்.

ஈரத்தில் ஒட்டியிருந்த இரண்டு அட்டைகள் சேர்ந்து விழுந்தன.

நான் பார்க்கவில்லை. நான் கமலினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், பார்த்த அதே கணத்தில் வெளிப்பக்கம் பாய்ந்தாள். ஏன் இப்போதே, இன்னும் நான்கு இருக்கிறதே என்று நினைத்தது நினைவிருக்கிறது. அரைச் சுற்றுக்குள் இரண்டு பேரைத் தாண்டிவிட்டாள். கூட்டம் எழுந்தது. அவள் முதலாவதாகக் கோட்டை நோக்கி வரும்போது அட்டையில் கை வைத்தேன். பக்கத்தில் குனிந்து சுற்றுகளைத் தாளில் குறித்துக்கொண்டிருந்தவர் "மூன்று" என்றார். குனிந்து பார்த்தேன். அட்டையில் ஏற்கெனவே மூன்று.

திருப்பாமல் விட்டேன்.

அவ்வளவுதான். பிழை பதினொரு விநாடி உயிரோடு இருந்தது. பிறகு அட்டையும் சரி, தாளும் சரி. கமலினி கடந்தபோது மறுபடியும் மூன்று. அவள் தலை ஒரு கணம் என் பக்கம் திரும்பியது.

அதற்குப் பிறகு வேகத்தைக் குறைக்க முடியாது. குறைத்தால் பின்னால் வருகிறவள் மேலே ஏறிவிடுவாள். கடைசிச் சுற்றுவரை முன்னால் நின்றாள். கடைசி வளைவில், களைத்த கால் மடங்கி நிற்காமல் நிமிர்ந்துவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று பேர் உள்பக்கமாகப் போனார்கள்.

நான்காம் இடம். "அவள் குமுறி அழுதாள்" என்று முதல் பிரதியில் எழுதியிருந்தேன். அவள் அழவில்லை. கோச்சிடம் போய், அட்டையில் மூன்று இரண்டு தடவை வந்தது என்றாள். அட்டைக்கு எண்ணத் தெரியும், உனக்குத்தான் தெரியவில்லை என்றார் அவர். இரண்டு மீற்றர் தள்ளி நின்று அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

எண்ணத் தெரியாதவளை அணியின் ஐரோப்பியப் போட்டிப் பயணத்துக்கு அனுப்ப மாட்டார்கள். இன்று குழு முடிவு செய்யப்போவது அதைத்தான்.

5

முடிவு (அ): நான் கடிதம் கொடுக்கிறேன். குழு அவளை எடுத்துக்கொள்கிறது. எல்லோரும் என்னைப் பாராட்டுகிறார்கள்.

நம்ப முடியவில்லை. யாரும் பாராட்டப் போவதில்லை.

முடிவு (ஆ): சந்திரவதனா சொல்வது.

"உன்ர அகதி விண்ணப்பம் இன்னும் முடியேல்லை. இஞ்சத்தைப் பேப்பரிலை, 'நான்தான் பிழை விட்டனான், மறைச்சும் போட்டன்' எண்டு கையெழுத்து வைக்கப்போறியோ?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லையடி. இது ஐஸ் விளையாட்டு."

"சம்பந்தமில்லை எண்டு ஆர் எழுதித் தந்தவை?"

சம்பந்தமில்லை என்று தெரிந்தே பயப்படுகிறேன். நாங்கள் விட்டுவந்த இடத்தில், கையெழுத்து வைத்த தாள் எங்கே போய்ச் சேரும் என்று வைத்தவருக்குத் தெரியாது. அந்தப் பயத்துக்கு இங்கே வேலை இல்லை. ஆனால் பயம் விமானத்தில் என்னோடுதான் வந்தது.

6

நேற்று, வியாழன், மூன்று மணி பத்து நிமிடம். கமலினி கவுண்டரில் முழங்கையை ஊன்றினாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? சிரிக்கக் கூடாது."

"கேள்."

"என் தலையில நாலு இருந்துச்சு. நிமிந்து பாத்தா உங்க அட்டையில மூணு. வேற யாராச்சும் பிடிச்சிருந்தா என் கணக்கத்தான் நம்பியிருப்பேன். ராணி அக்கா தப்பா காட்ட மாட்டாங்கன்னு போய்ட்டேன்."

திரும்பி வந்திருந்த ஸ்கேட்ஸின் கயிறுகளை முடிச்சுப் போட்டேன்.

"அப்புறம் பாத்தா மறுபடியும் மூணு. கோச் இம்பாசிபிள்ங்கறாரு. இப்ப வீட்டுல மாடிப்படிய எண்ணிப் பாக்கறேன். ஒவ்வொரு தடவையும் வேற வேற நம்பர் வருது, அக்கா. எனக்கு என்னமோ ஆயிருச்சுன்னு அம்மா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேங்கறாங்க." சிரிக்கப் பார்த்தாள். "மூணு ஒரு தடவைதானே வந்துச்சு?"

அப்போது ஒருவர் எட்டாம் அளவு ஸ்கேட்ஸ் கேட்டார். எடுக்கத் திரும்பினேன். அலமாரியில் எட்டு என் கண்ணுக்கு நேரே இருந்தது. தேடுவதுபோல் நின்றேன். திரும்பியபோது அவள் இல்லை.

(இந்தப் பத்தியைத் திருத்த மாட்டேன். ஐந்து பிரதிகளிலும் இது இல்லை. நேற்றுத்தான் நடந்தது. கதையில் என்னை எங்கே மன்னிப்பது என்று தேடிக்கொண்டிருந்தேன். இந்த இடம் வந்த பிறகு தேடுவதை நிறுத்திவிட்டேன்.)

7

மணி நான்கு இருபது. கவுண்டரில் ஆளில்லை. கண்ணாடிக்கு அப்பால் கமலினி தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு முறை கோட்டைக் கடக்கும்போதும் அவள் உதடு அசைகிறது. நடுவில் நின்று, தலையை ஆட்டி, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறாள்.

வாசகரே, ஒன்றைக் கவனித்தீர்களா? நடந்தது முழுவதும் இப்போது உங்களுக்குத் தெரியும். சந்திரவதனாவுக்கும் தெரியும். கமலினிக்குத் தெரியாது. ஆறு பிரதி எழுதி, உரிமையுள்ள ஒருத்தியைத் தவிர மற்ற எல்லோருக்கும் சொல்ல ஆயத்தமாகியிருக்கிறேன்.

முடிவையும் இங்கே எழுதினால், அதையும் அவளுக்கு முன் உங்களுக்குச் சொன்னதாகிவிடும். ஆகவே தர மாட்டேன். குழு என்ன சொல்லியிருக்கும், என் விண்ணப்பம் என்ன ஆகியிருக்கும், அவள் அதன் பிறகும் என்னை அக்கா என்று கூப்பிட்டிருப்பாளா, இவற்றை உங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் பனித்தளத்தின் வாயிலுக்கு வந்துவிட்டாள். ஸ்கேட்ஸ் கத்திகளுக்கு உறை மாட்டக் குனிகிறாள். நிமிர்வதற்குள் நான் அங்கே நிற்க வேண்டும். இந்த வரியை முடித்துவிட்டு

இல்லை, முடிக்காமலே